மிளகாய் காயும் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் லீவு விடும்

வீட்டில் சாம்பார் பொடி செய்து விற்கும் வியாபாரத்துக்கும் ஒரு பருவம் உண்டு. ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய் மாசி, பங்குனியில் மண்டிகளுக்கு வரத் தொடங்கும். சித்திரையில் சென்னைக் கடைகளில் புதுச்சரக்கு நிறைந்திருக்கும். நிறம் நன்றாக இருக்கும், தோல் மினுமினுக்கும், விலையும் ஓரளவு கட்டுப்படியாகும். (2023-ல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் எந்தக் கடையில் கேட்டாலும், உருண்டையாக இருக்கும் எல்லா மிளகாயும் ராமநாட்டு மிளகாய்தான்.) வெயிலும் அந்த மாதங்களில்தான் நமக்குச் சாதகம். ஏப்ரல், மே இரண்டிலும் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, டின்னில் அடைத்து வைத்துவிட்டால் ஐப்பசி மழையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. விட்டுவிட்டால், மழை நேரத்தில் நமுத்துப் போன மிளகாயைக் கூடுதல் விலைக்கு வாங்கி, அதை வாணலியில் போட்டு மல்லுக்கட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் லீவு விடுவதும் சரியாக அதே இரண்டு மாதத்தில்தான்.

தொழில் தொடங்கும் பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் குறைவில்லை. ரீல்ஸைத் திறந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். காலை நாலரைக்கு எழுந்திருங்கள், பட்டியல் போடுங்கள், உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாம் சரி. தொழிலின் பருவமும் பிள்ளையின் பருவமும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நாலரைக்கு எழுந்து நான் என்ன செய்ய? வெயில் எட்டு மணிக்குத்தானே வரும்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், முதல் மாடி, ஒரே படுக்கையறை. மொட்டை மாடி நான்கு குடித்தனத்துக்கும் பொது. ஒருவர் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே இன்னொருவர் வடாம் பிழியக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். காலையில் பழைய காட்டன் புடவையை விரித்து, மிளகாயைக் கொட்டிப் பரத்தி, மேலே கொசுவலை போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைப்போம். எங்கள் மாடிக்கு வரும் புறா மிளகாயைத் தொடாது. மல்லியையும் பருப்பையும் விடாது. அதற்காக ஒருவர் காவல் இருக்க வேண்டும். மதியம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு மிளகாயை எடுத்துக் காதருகில் ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஓடணும், உடைத்தால் டக்கென்று முறியணும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. காம்பு ஆய்வது காய்ந்த பிறகுதான். முன்னாலேயே கிள்ளினால் விதை எல்லாம் கொட்டிப் போய்விடும்.

காம்பு ஆயும் வேலையில்தான் எனக்குப் பெரிய சிக்கல். மிளகாயில் காரத்தைத் தருவது கேப்சைசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் கையை எத்தனை தடவை கழுவினாலும் எரிச்சல் போகாது. முதலில் நல்லெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு, அப்புறம் சோப்பு போட வேண்டும். அப்படியும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். கையுறை போடலாம், போட்டும் பார்த்தாயிற்று. மே மாத வெயிலில் மாடியில் ரப்பர் கையுறைக்குள் கை வெந்துவிடுகிறது. ஆக, காம்பு ஆய்ந்த நாளில் ராத்திரி வரைக்கும் என் மகளின் முகத்தை நான் தொடுவதில்லை. சோறு ஸ்பூனில்தான். மூக்கைத் துடைத்துவிடுவது அவள் அப்பாவோ பாட்டியோ. தூக்கக் கலக்கத்தில் அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்ள வருவாள், நான் வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். "மிளகாய்க் கையா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாள். ஆமாம் என்றால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவாள். நாலரை வயதில் அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு இது.

தொழில் எப்படி ஆரம்பித்தது என்பதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கிண்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. 2017-ல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கியதன் பலன். அதே திருத்தத்தில், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேர் இல்லை. லீவு முடிந்து போனேன், கொஞ்ச நாள் ஓட்டினேன், விட்டுவிட்டேன். அலுவலகத்தில் என் டிபன் பாக்ஸ் சாம்பாரைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் பொடி கேட்டார்கள். கொடுத்தேன். காசு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பதிவு வேலைகள் நினைத்ததைவிட எளிது. 2023-ல் நான் செய்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய்தான். ஆன்லைனிலேயே முடிந்துவிடும். வரும் 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். அதோடு எடை, அதிகபட்ச சில்லறை விலை, பேக் செய்த மாதம், முகவரி, போன் நம்பர் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இதையெல்லாம் பாப்பா தூங்கும் மதியங்களில் மொபைலிலேயே செய்தேன். லேபிள் அடிக்க ஆண்டர்சன் தெருவுக்கும், பவுச்சும் சீலரும் வாங்கப் பாரிமுனைச் சந்துகளுக்கும் போன நாட்கள்தான் கொஞ்சம் கஷ்டம்.

"சொந்தத் தொழில்னா நேரம் நம்ம கையில இருக்கும்" என்று சொல்லாத ஆளில்லை. நானும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அப்போதே சந்தேகம்தான். அலுவலகத்தில் இருந்தபோது ஆறு மணிக்கு மேல் யாரும் என்னைத் தேடமாட்டார்கள். இப்போது நேரம் என் கையைத் தவிர எல்லார் கையிலும் இருக்கிறது. கேஸ் போடுபவர் கையில், மாவு மில் அண்ணன் கையில், கூரியர் பையன் கையில், ராத்திரி பத்தரைக்கு "சிஸ் இருக்கீங்களா?" என்று கேட்பவர் கையில். எல்லாவற்றுக்கும் மேல், மதியம் பன்னிரண்டரைக்கு விடும் எல்.கே.ஜி. கையில்.

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை. இந்த மூன்றரை மணி நேரத்தில்தான் வறுக்க வேண்டும். காரணம் நெடி. பாப்பாவுக்கு மாசிப் பனிக்கே மூச்சு இழுக்கும், மிளகாய் நெடி ஆகவே ஆகாது. பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும் ஜன்னலை எல்லாம் திறந்து அடுப்பைப் பற்றவைப்பேன். முதலில் மல்லி, அப்புறம் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. மிளகாய் கடைசி. ஒரு கல் உப்பும் ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டு வறுத்தால் நெடி கொஞ்சம் அடங்கும். கொஞ்சம்தான். கீழ்வீட்டுப் பாட்டி தும்மும் சத்தம் கேட்டால் மிளகாய் பதமாகிவிட்டது என்று அர்த்தம். பதினொன்றரைக்குள் அடுப்பை அணைத்தால்தான் பிள்ளை வருவதற்குள் வீடு மூச்சுவிடும். வெந்தயம் கருகினாலும் சரி, பால்காரர் வந்து நின்றாலும் சரி, அந்தப் பதினொன்றரை மாறாது.

பிறகு மில். எங்கள் தெருமுனை மில்லில் மாவுக்கு ஒரு மிஷின், மசாலாவுக்கு ஒரு மிஷின். நமக்கு முன்னால் யாராவது மஞ்சள் அரைத்திருந்தால் நம் முதல் கால் கிலோவில் அது வந்து கலந்துவிடும். அதை வீட்டு உபயோகத்துக்கு ஒதுக்கிவிடுவேன். இப்படி எங்கள் வீட்டுச் சாம்பார் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். அரைத்த பொடி கையில் பிடிக்க முடியாத சூட்டோடு வரும். அதை அப்படியே பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும். ஹாலில் பேப்பர் விரித்து ஆறவிட வேண்டும். ஆறும்போது மின்விசிறி போடக்கூடாது, போட்டால் பொடி சோபா வரைக்கும் பறக்கும். இந்த நேரம் பார்த்துத்தான் பாப்பா பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுத் தூங்குவாள். உள்ளே அவளுக்குக் கட்டாயம் மின்விசிறி வேண்டும், வெளியே பொடிக்குக் கூடவே கூடாது. நடுவில் கதவைச் சாத்திவிட்டு, அவள் எழுந்து நேராகப் பொடியில் கால் வைத்துவிடாமல் இருக்க நான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். சென்னையின் மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறி இல்லாத ஹாலில். தாய்மையும் தொழிலும் என்று யாராவது கட்டுரை கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கதவுதான்.

சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு கொத்தவால் சாவடி போவேன். 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகை மொத்த வியாபாரம் அங்கே இன்னும் இருக்கிறது. ஆலந்தூரில் மெட்ரோ ஏறி உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஆயிற்று. திரும்பும்போது மூட்டை இருந்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் காசில்லாமல் ஏறும் மாநகரப் பேருந்து. வாடிக்கைக் கடைக்காரர் எனக்கு விலை சொல்வதற்கு முன் பாப்பா கையில் கல்கண்டு வைத்துவிடுவார். அதற்கப்புறம் பேரம் பேச எனக்கு வாய் வராது. அவருக்கும் அது தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கணக்குப் பிரிவில் இருந்தவள் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கேக் செய்பவர், ஆரி வேலை செய்பவர், இட்லி மாவு விற்பவர். சரக்கு, கேஸ், பாக்கெட், கூரியர், லேபிள், எல்லாம் எழுதியிருப்பார்கள். மஞ்சள் பொடி ரெண்டு ரூபாய் என்றுகூட இருக்கும். நேரம் என்று ஒரு வரி இருக்காது. கேட்டால் சிரிப்பார்கள். "நம்ம வீட்டு வேலைக்கு யாரு காசு போடுவாங்க?"

நான் முதல் விலைப்பட்டியல் போட்டபோதே அந்த வரியை எழுதினேன். அது என்னவெல்லாம் செய்தது என்பதுதான் மீதிக் கதை.

சாம்பார் பொடி கால் கிலோ பாக்கெட்டுக்குச் சரக்கு, அரவைக் கூலி, பவுச், லேபிள், கேஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 ரூபாய் அடக்கம். பக்கத்தில் மற்றவர்கள் 140-க்கு விற்றார்கள். நாற்பது ரூபாய் லாபம் என்று தோன்றும். பத்து கிலோ ஒரு ஈடு, அதாவது 40 பாக்கெட். அதற்குக் காயவைத்து, ஆய்ந்து, வறுத்து, மில்லில் நின்று, சலித்து, அடைத்து முடிக்க எல்லார் கையும் சேர்த்து இருபது மணி நேரம் போகிறது. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய். பாக்கெட்டுக்கு முப்பது. நாற்பதில் முப்பது போனால் லாபம் பத்து ரூபாய். ஒரு பார்சல் வழியில் கிழிந்தால் அதுவும் போச்சு. ஆகவே 165 என்று விலை வைத்தேன்.

மணிக்கு அறுபது என்பது வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நான் கொடுக்கும் கூலி. பாத்திரம் துலக்கிய பிறகு இரண்டு மணி நேரம் இருந்து மிளகாய் ஆய்ந்து கொடுப்பார். அதே அறுபதைத்தான் எனக்கும் எழுதிக்கொண்டேன். "உனக்கும் அக்காவுக்கும் ஒரே ரேட்டா?" என்றார் கணவர். வேலை ஒன்றுதானே, வேறு ரேட் எங்கிருந்து வரும்? என் மூளைக்கு என்று தனியாக ஏதாவது வந்தால் அது அந்த மீதி லாபத்திலிருந்து வரட்டும்.

அக்காவின் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். அங்கே மதியச் சாப்பாடு, முட்டை, கொஞ்சம் தூக்கம். அந்த அங்கன்வாடி ஒருநாள் பூட்டியிருந்தால் அக்கா வரமாட்டார், அக்கா வராவிட்டால் என் மிளகாய் நகராது. நான் வாங்கும் ஆர்டர் ஒன்று ஒரு அங்கன்வாடி டீச்சரின் வருகையில் நிற்கிறது என்பதை எந்த ரீல்ஸும் காட்டாது. டீச்சர் வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்களோ, கேட்டதில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. பிள்ளை, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது அதில் சேராது, அது தனிக்கணக்கு. ஐந்து மணி நேரம். அதைச் செய்கிற ஒருத்திக்கு, அதற்கும் மேலே இன்னொரு தொழில்.

அடுத்து என் மாமியார். சலிக்கும் வேலை அவருடையது. முட்டிவலி இருந்தாலும் சல்லடையை வேறு யாரும் தொட விடமாட்டார். மாதக் கடைசியில் அவர் மணிக்கணக்குக்குப் பணம் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பார்த்த பார்வை இருக்கிறதே!

"என் பேத்தியப் பாத்துக்க எனக்குக் கூலியா?"

"பாப்பாவப் பாத்துக்கிறதுக்கு இல்ல அத்தை. சலிச்சதுக்கு."

"வீட்ல மருமகளுக்கு ஒரு கை கொடுத்தா அதுக்கும் பில்லா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"ஊர்ல சொல்லாதீங்க."

இரண்டு நாள் அந்தக் கவர் டிவி மேல் கிடந்தது. மூன்றாம் நாள் காணோம். அவர் ஒரு நகைக்கடைச் சீட்டில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு என் நாத்தனார் சொல்லித் தெரிந்தது. நல்லது என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஒரு காலை, நான் சல்லடையை எடுத்து வைத்தபோது, அத்தை பேப்பரை மடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு எனக்கு லீவு."

அத்தனை வருடத்தில் அவர் வீட்டில் ஒருநாள்கூட லீவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. முடியவில்லை என்பார், படுத்துக்கொள்வார், பிறகு எழுந்து வந்து குற்ற உணர்ச்சியில் இரண்டு மடங்கு செய்வார். கூலி என்று ஒன்று வந்ததும் லீவு என்று ஒன்றும் வந்துவிட்டது. எனக்கு அன்று கைவேலை அதிகமானது உண்மை, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆனால் அந்த லீவு வேண்டாம் என்றால் நான் அந்தக் கவரைக் கொடுத்திருக்கவே கூடாது. இனாமாகக் கிடைக்கிற கையை நம்பி ஆர்டர் எடுப்பவர்கள் அந்தக் கைக்கு வலிக்கும் என்று யோசிப்பதில்லை. காசு கொடுத்தால் யோசித்தே ஆக வேண்டும்.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு மட்டும் இன்றுவரை எனக்கு விலை போடத் தெரியவில்லை. பக்கத்து டே கேரில் விசாரித்தேன், மாதம் ஐயாயிரத்துக்குக் குறைவாக இல்லை. அந்த ஐயாயிரத்தை நோட்டில் எழுதினால் பல மாதங்களில் லாபம் என்ற பேச்சே கிடையாது. எழுதாவிட்டால் அத்தையின் மதியங்கள் எல்லாம் என் தொழிலுக்கு அவர் போட்ட முதலீடு. ஒரு பங்குதாரர் மாதிரி. அவரிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் பங்கு எவ்வளவு என்று கேட்பார்.

விலை 165 என்றதும் வாடிக்கையாளர்களில் சிலர் போய்விட்டார்கள். "வீட்லதான சிஸ் பண்றீங்க, கடை வாடகையா, ஆள் சம்பளமா?" என்று கேட்காதவர் குறைவு. கேட்பவர்களும் பெண்கள்தான், அதுதான் ஆச்சரியம். அவர்களும் வீட்டில் ஏதோ ஒன்றைக் காசில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள்தான். ஆரம்பத்தில் விளக்கம் சொல்வேன். இப்போது, "ஆமா சிஸ், வீட்ல மூணு பேருக்குச் சம்பளம் போகுது" என்று ஒரே வரி. திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

நேரத்துக்கு விலை வைத்தபின் நேரத்தைப் பூட்டவும் தைரியம் வந்தது. தினமும் பார்சல் அனுப்புவதை நிறுத்தினேன். வாரத்தில் இரண்டு நாள்தான் அனுப்புவது என்று முடிவு செய்து, செவ்வாய், வெள்ளி என்று அறிவிக்கப் போனேன். "செவ்வாய், வெள்ளியில வீட்டுச் சாமானை வெளிய அனுப்புவியா?" என்று அத்தை தடுத்துவிட்டார். திங்கள், வியாழன் ஆயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்கு மறுநாள்தான் பதில். இதனால் ஆர்டர் கைவிட்டுப்போகும் என்று கணவர் பயந்தார். கைவிட்டுப்போனது குறைவு. பெரும்பாலோர் "ஓகே சிஸ்" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். சாம்பார் பொடி இல்லாமல் யாரும் மூன்று நாளில் இளைத்துப் போய்விடுவதில்லை.

கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே கேட்பார். ஓ.எம்.ஆரில் வேலை. திங்கள், வியாழன் காலையில் பார்சல்களைக் கூரியரில் போட்டுவிட்டுத்தான் அலுவலகம் போவார். ராத்திரிப் பாத்திரம் அவருடையது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தெருவைத்தான் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனால், எதிர்வீட்டு மாமி முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை "எவ்ளோ பொறுமையான மனுஷன்!" என்கிறார்கள். மற்ற ஆறு நாளும் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில்தான் நான் மில்லுக்குப் போகிறேன். என் பொறுமையைப் பற்றி இதுவரை எந்தத் தகவலும் இல்லை.

மழைக்காலம் வேறு கதை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காலையில் எழுந்ததும் முதல் வேலை டிவியில் கலெக்டர் லீவு விட்டாரா என்று பார்ப்பது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அன்றைக்கு வறுவல் இல்லை, ஜன்னலும் திறக்க முடியாது, பிள்ளையும் வீட்டில். தீபாவளி ஆர்டர்கள் குவியும் மாதத்தில்தான் மழை லீவும் குவிகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். நாங்கள் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட்தான் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொடி டின்களைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, கீழ்வீட்டுப் பாட்டியையும் அவர் பாத்திரங்களையும் எங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்தோம். ஆறவைத்த கடைசி ஈடு பொடி ஈரக்காற்றில் கட்டியாகிவிட்டது. அதை யாருக்கும் விற்கவில்லை. கட்டியை உடைத்து உடைத்து அந்த டிசம்பர் முழுக்க நாங்களே சாப்பிட்டோம். பாட்டி மட்டும், "இவ்ளோ நாள் தும்முனதுக்கு இப்பத்தான் ருசி பார்க்குறேன்" என்றார்.

அந்த மழைக்கு அப்புறம்தான் வறுக்கும் மிஷின் பற்றி யோசனை வந்தது. சின்ன டிரம் ரோஸ்டர் ஒன்று இருந்தால் ஒரு ஈட்டை வறுக்கும் நேரம் பாதியாகும். சிறுதொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் ஷிஷு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் உண்டு. ஒரு வங்கிக்குப் போனேன். உத்யம் சான்றிதழ், விற்பனைக் கணக்கு, மிஷின் விலைப்புள்ளி எல்லாம் எடுத்து வைத்தேன். முதல் கேள்வி: "ஹஸ்பண்ட் என்ன பண்றார்?" இரண்டாவது: "குழந்தை இருக்கே, இதெல்லாம் ரெகுலரா பண்ண முடியுமா?" இதே கேள்வியை மில் அண்ணனிடம் கேட்பார்களா? அவருக்கு மூன்று பிள்ளைகள். இன்னொரு கிளையில் ஒரு அம்மா இருந்தார், நோட்டைத் திருப்பிப் பார்த்தார், அந்தக் கூலி வரியில் விரலை வைத்து, "இது நீங்க எழுதுனதா?" என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. கடன் வந்தது.

ஆனால் மிஷின் வைக்க இடம்? வீட்டில் அதற்கு மூலையில்லை, சத்தத்துக்கு அண்டை வீட்டார் ஒப்பவும் மாட்டார்கள். மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட் காலி. வாடகை, முன்பணம் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது அமைந்தால் நெடி வீட்டை விட்டுப் போகும், பொடி ஆறும் ஹாலில் மின்விசிறி சுற்றும். வீட்டையும் தொழிலையும் பிரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால் ஷெட்டில் நான் இருக்கும்போது பாப்பா எங்கே இருப்பாள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இதுவரை அவள் கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கினாள், இனி இரண்டு தெரு தள்ளித் தூங்குவாள். யூ.கே.ஜி.க்கு மூன்றரை மணி வரை வகுப்பு என்கிறார்கள். ஷெட் ஒப்பந்தத்தை ஜூனில் போடலாமா என்று கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் போன வாரம் மிளகாய் விலை ஏறிவிட்டது. பாக்கெட் விலையைப் பத்து ரூபாய் ஏற்றி வாட்ஸப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிளகாய்க்காரன் கேட்டா ஏத்திக் குடுக்குற. மில்காரன் கேட்டா குடுக்குற. எனக்கு ஒன்றரை வருஷமா அதே அறுபதுதான?"

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். எழுபத்தைந்து என்றார். எழுபதில் முடித்தோம். அக்காவுக்கும் எனக்கும் அதே எழுபது. பட்டியலில் பத்து ரூபாயை அழித்துப் பதினைந்து என்று போட்டு அனுப்பினேன். முதல் பதில் உடனே வந்தது: "சிஸ், வீட்லதான பண்றீங்க?"